கூட்டருகே ஒரு கேமரா

பறவைகளுக்குத் தமிழ் மக்கள் வழங்கும் பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை தெற்றெனப் புலப்படும். மரங்கொத்தி, மீன்கொத்தி, வாலாட்டி, முக்குளிப்பான், ஈப்பிடிப்பான், தையல்சிட்டு, உண்ணிக்கொக்கு, நத்தைகுத்தி நாரை, ஆள்காட்டி, தூக்கணாங்குருவி ஆகிய இவற்றுள் ஒன்றேனும் நிறத்தை மட்டும் கண்டு இட்ட பெயரன்று. அப்பறவை எதை உண்கிறது, எங்ஙனம் கூடு கட்டுகிறது, மனிதனைக் கண்டால் என்ன செய்கிறது என்பனவற்றைப் பலகாலும் கண்டறிந்த பின்னரே இப்பெயர்கள் பிறந்திருத்தல் வேண்டும். உழவரும் ஆயரும் மீனவரும் இட்ட பெயர்கள் இவை. தொலைநோக்கியோ கேமராவோ அவர்களிடம் இருந்ததில்லை. வயலிலும் குளக்கரையிலும் பறவையோடு உடன் வாழ்ந்த பழக்கம் இருந்தது.

நம் துறை மாணவர்க்குச் சங்கப் பாடல்கள் புதியன அல்ல. நற்றிணையின் 181ஆம் பாடலைப் பயிலும்போது உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பொருள் விரிப்பதில் காட்டும் ஊக்கத்தை, அப்பாடலில் வரும் குருவியைப் பார்ப்பதில் நாம் காட்டுவதில்லை. வீட்டிறப்பில் வாழும் அக்குருவியின் சேவலுக்குத் தொண்டை கறுத்திருக்கும் என்பதைப் புலவர் மறவாது குறித்திருக்கிறார். வேறொரு பேடையோடு தங்கி மீண்ட சேவலைக் கூட்டிலுள்ள பேடை உள்ளே விடாது தடுப்பதும், அது மழைத் துவலையில் நனைந்து ஒடுங்கியிருப்பதைக் கண்டு பின்னர் இரங்குவதும் அங்கே பேசப்படுகின்றன. குறுந்தொகையின் 85ஆம் பாடலிலோ, சூல்கொண்ட பேடைக்கு ஈனுமிடம் அமைப்பதற்காகச் சேவல் கரும்பின் பூவைத் தேடுகிறது. இவற்றுள் புனைவு எது, கண்டு கூறியது எது என ஆராய்வது தனி வேலை. எனினும் சேவலின் தொண்டைக் கறுப்பும், கூட்டுக்கான பொருளை அது சுமந்து வருதலும் இன்றும் நாம் கண்டு உறுதி செய்துகொள்ளக் கூடியனவே.

இன்று நம் இளைஞர் கைகளில் கேமரா வந்திருக்கிறது. முப்பத்தாறு படங்கள் கொண்ட ஒரு படச்சுருளை மாதக் கணக்கில் சிக்கனமாகச் செலவிட்ட காலம் போய், ஒரு நொடிக்குள் பத்துப் படங்கள் எடுக்கும் காலம் இது. விடுமுறை நாளின் விடியற்பொழுதில் ஏரிக்கரைக்குச் செல்லும் பழக்கம் மாணவரிடையே வளர்ந்து வருவது பெரிதும் மகிழத்தக்கதே. ஆனால் அவர்கள் எடுத்துவரும் படங்களைக் காணும்போது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. படத்திலுள்ள பறவை தன் இயல்பில் இருக்கிறதா, அன்றி நம்மைக் கண்டு நடுங்கி நிற்கிறதா? நம்மை மறந்த நிலையில் பறவை செய்வது ஒன்று. நாம் நெருங்கியதால் அது செய்வது மற்றொன்று. பின்னதைப் படமெடுத்து முன்னதென்று காட்டுவது, எத்துணை அழகிய படமாயினும், பொய்யே என்பது நம் கருத்து.

கொண்டலாத்தியை எடுத்துக்கொள்வோம். சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் ஸபா நாட்டு அரசியைப் பற்றிய செய்தியைக் கொணர்ந்த ஹுத்ஹுத் இதுவேயாதலின், நம் இல்லத்துச் சிறுவர்க்கும் இப்பறவை பெயரளவில் நன்கு தெரியும். விசிறி போல் விரிந்த கொண்டையோடு கூடிய படமே எல்லா நூல்களிலும் இடம்பெறுகிறது. ஆனால் புல்வெளியில் நெடுநேரம் பொறுமையாக நோக்கியவர் அறிவர்: மண்ணைக் கிளறிப் புழு தேடும் வேளையில் அதன் கொண்டை பெரும்பாலும் பின்புறமாக மடிந்தே இருக்கும். பறந்து வந்து தரையில் இறங்கும் கணத்திலும், அச்சமோ கிளர்ச்சியோ உற்ற வேளையிலுமே அது விரியும். விரிந்த கொண்டை வேண்டும் என்பதற்காகக் கைதட்டியும் சிறு கல் எறிந்தும் பறவையை வெருட்டுவோர் உண்டு. அவர்கள் பெறுவது அழகிய படந்தான். ஆனால் கொண்டலாத்தி தன் நாளை எவ்வாறு கழிக்கிறது என்பதற்கு அப்படம் சான்றாகாது.

இது சிறு பிழை. இதனால் பறவை சற்றுத் தொலைவு பறந்துபோய் மீண்டும் இரை தேடும், அவ்வளவே. கூட்டருகே நடப்பது அத்தகையதன்று.

ஆள்காட்டிக் குருவி திறந்த வெளியில், சரளைக் கற்களுக்கிடையே, கல்லினின்றும் வேறுபடுத்தி அறிய இயலாத நிறத்தில் முட்டையிடும். கோடை தொடங்கும் மார்ச்சு மாதத்திலிருந்தே அது இனப்பெருக்கம் செய்யும். அந்த வெயிலில் தாய்ப்பறவை முட்டைமேல் அமர்வது சூடேற்றுவதற்காக மட்டும் அன்று. பல வேளைகளில் நிழல் தருவதற்காகவே அமர்கிறது, அல்லது நிற்கிறது. நீர்நிலைக்குச் சென்று வயிற்றிறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. முட்டைக்குள் வளரும் கருவுக்குக் குளிரைக் காட்டிலும் கடும் வெப்பமே விரைவில் கேடு செய்யும். இந்நிலையில் நாம் கேமராவோடு அருகே சென்று நின்றால் என்ன ஆகும்? பறவை எழுந்து நம் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தும். சில வேளைகளில் சற்றுத் தள்ளித் தரையில் இறங்கி, அடிபட்டது போல் சிறகைத் தொங்கவிட்டு நம் கவனத்தை ஈர்க்க முயலும். அதைக் கண்டு, 'சிறகு விரித்து ஆடுகிறது' என்று பெயர் சூட்டிப் படமெடுக்கிறோம். நாம் அங்கு நிற்கும் கால்மணி நேரமும் முட்டைகள் உச்சி வெயிலில் வெறுமனே கிடக்கின்றன. நாம் வீடு திரும்பிய பின் அவை பொரித்தனவா என்று பார்ப்பவர் யார்?

மரக்கிளையிலும் புதரிலும் உள்ள கூடுகளுக்கு வேறொரு துன்பம் நேர்கிறது. இலை மறைக்கிறது, ஒளி போதவில்லை என்று சிறு கிளைகளை ஒடித்தும் ஒதுக்கியும் கட்டியும் வைக்கின்றனர். அந்த இலைத்திரை தற்செயலாக அமைந்ததன்று; வெயிலினின்றும் காகத்தினின்றும் வல்லூற்றினின்றும் தன் குஞ்சுகளைக் காக்கவே பறவை அவ்விடத்தைத் தேர்ந்தது. நிக்கோ டின்பெர்கன் என்னும் அறிஞர் தம் துணைவர்களோடு இங்கிலாந்தின் கடற்கரையில் கருந்தலைக் கடற்காகங்களை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட கட்டுரை ஈண்டு நினைக்கத்தக்கது. குஞ்சு பொரித்தபின் தாய்ப்பறவை உடைந்த ஓட்டை அலகால் கவ்வி எடுத்துச் சென்று தொலைவில் போடுகிறது. இச்சிறு செயலுக்குக் காரணம் என்ன என்று அவர்கள் பல சோதனைகள் செய்து பார்த்தனர். ஓட்டின் உட்புறத்து வெண்மை, அருகிலுள்ள முட்டைகளைக் காகங்களுக்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறது என்பது புலனாயிற்று. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தமைக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் டின்பெர்கனும் ஒருவர். ஒரு துண்டு வெள்ளை ஓடு வெளியே தெரிவதைக்கூடப் பறவை பொறுப்பதில்லை. நாமோ கூட்டின்மேல் கவிந்த தழை முழுவதையும் நீக்கிவிட்டு, 'நன்றாகத் தெரிகிறது' என்று மகிழ்கிறோம்!

பறக்கும் பருவத்தை எட்டவிருக்கும் குஞ்சுகள் நாம் நெருங்கினால் அஞ்சி, சிறகு முற்றாமலே கூட்டைவிட்டுக் குதித்துவிடுவதும் உண்டு. மீண்டும் அவற்றைக் கூட்டில் வைத்தாலும் தங்குவதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர், இரு குஞ்சுகளோடு இருந்த ஒரு சிறு பறவையைக் கண்டு, குஞ்சுகளை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை வந்து சிறகை விரித்து அடித்துக்கொண்டது. அவ்விடம் வந்த அண்ணலார், பிள்ளைகளைக் கொண்டு இப்பறவையை வருந்தச் செய்தவர் யார் என வினவி, குஞ்சுகளைத் தாயிடமே சேர்க்கும்படி பணித்தார்கள். பறவைகளிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்ச்சியை நாம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். இதில் மற்றொன்றும் கருதத்தக்கது. அங்கிருந்தோர் யாவரும் கண்டது ஒரே சிறகடிப்பைத்தான். அதனைத் துயரம் என்று உடனே அறிந்து, அதற்குக் காரணமானவர் யார் என்று கேட்கும் பார்வை அண்ணலாரிடம் இருந்தது. தோழர்கள் அப்பறவையைக் கொல்லவில்லை, காயப்படுத்தவுமில்லை. ஆயினும் அவ்வினா அவர்களை நோக்கி எழுந்தது. 'நாம் படந்தானே எடுக்கிறோம், தொடக்கூட இல்லையே' என்று கூறுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நாட்டின் சட்டமும் இவ்விடயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்கு வரையறை கூறுமிடத்து, கொல்லுதலையும் பிடித்தலையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அவ்வரையறைக்குள் அடங்கும். கையில் துப்பாக்கி இல்லாமையால் நாம் வேட்டைக்காரர் அல்லர் என எண்ணியிருப்போர்க்கு இது வியப்பாக இருக்கலாம்.

இவ்வளவு கூறுவதால் நாம் கேமராவுக்குப் பகைவர் என எவரும் கருதிவிடலாகாது. வரலாறு அதற்கு இடந்தராது. இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றி, முற்றிலும் நிழற்படங்களைக் கொண்டே விளக்கம் பெற்ற ஒரு நூலை வெளியிட்டனர். பறவையைச் சுட்டு வீழ்த்திப் பாடம் செய்வதும், முட்டைகளைத் திரட்டிப் பேழையில் அடுக்குவதும் கற்றோர்க்குரிய பொழுதுபோக்காகக் கருதப்பட்ட காலம் அது. அக்காலத்தில் கூட்டைப் படமெடுத்துவிட்டு முட்டையை விட்டுவருவதே பெரிய கருணை. மாட்டுத் தோலால் உட்குடைவான எருது ஒன்று செய்து அதனுள் மறைந்திருந்தும் அவர்கள் படமெடுத்தனர். பறவை தம்மைக் காணலாகாது என்பதில் அத்துணைக் கருத்து! எரிக் ஆஸ்கிங் என்னும் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரோ 1937இல் ஆந்தைக் கூட்டருகே இரவில் சென்றபோது, தாய் ஆந்தை பாய்ந்து தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார். ஆந்தையைக் குறை கூற இதில் ஒன்றுமில்லை.

அம்முன்னோடிகளின் நாளில் பறவைகளின் குடும்ப வாழ்க்கை பற்றி அறிய வேண்டுவன மிகுதி. படமெடுப்போர் மிகச் சிலர். இன்றோ மைனாவும் தேன்சிட்டும் குஞ்சுக்கு இரை ஊட்டும் படங்கள் எண்ணிறந்தன உள்ளன. அவற்றோடு இன்னுமொன்று சேர்வதால் அறிவு வளரப்போவதில்லை. வேறு வகையில் படங்கள் பெரும் பயன் தருகின்றன. தென்னிந்தியக் குளங்களில் குளிர்காலத்தில் தங்கும் வரித்தலை வாத்துகளுள் சிலவற்றின் கழுத்தில் எண் பொறித்த பட்டை உண்டு. அவ்வெண்ணைத் தொலைவிலிருந்து படமெடுத்தமையால், அவை மங்கோலியாவில் பட்டையிடப்பட்டவை என அறிய முடிந்தது. பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் ஆர்வலர் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கமும் 2015 முதல் நடந்து வருகிறது. ஐயத்துக்குரிய பறவையை இன்னதெனத் துணிய அங்கும் படம் உதவுகிறது. இவற்றில் எதற்கும் கூட்டை நெருங்க வேண்டிய தேவை இல்லை.

தமிழ்நாட்டில் இத்துறையில் மறக்கலாகாத பெயர் மா. கிருஷ்ணன் (1912–1996). பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் இவர். கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். 1950 முதல் தம் இறுதி நாள்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார்; தமிழிலும் எழுதினார். அவர்தம் தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் நூலாகவும் வந்துள்ளன. தமிழ் பயிலும் மாணவர் கையில் கேமரா எடுக்குமுன் இந்நூலை ஒருமுறை கையில் எடுத்தல் நலம். இயற்கையைப் பற்றி இவ்வளவு எளிய, இனிய உரைநடை தமிழில் இருப்பதையே பலர் அறியார்.

பறவை நம்மை மறந்திருக்க வேண்டுமாயின் நாம் என்ன செய்தல் வேண்டும்? இதற்கு விடை நம் ஊர்களிலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிக்குவந்த பறவைகளை ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டதைக் கண்டு முறையிட, 1798இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசு அப்பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். எனவே அருளும் பொருளும் அங்கே ஒன்றாயின. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எவரும் தொல்லை செய்யாமையால், கரைமேல் நடந்து செல்வோரைப் பொருட்படுத்தாமல் ஏரி நடுவிலுள்ள கடப்ப மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் தம் இல்லறத்தை நடத்துகின்றன. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்திலோ, மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கிளையினின்று தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்தவர்களும் அவ்வூரில் உண்டு. இங்கெல்லாம் நாம் கரையில் அமர்ந்தே பறவையின் இயல்பான வாழ்க்கையைக் காணலாம். பறவைகளின் அச்சத்தை ஒரு ஊரே தலைமுறை தலைமுறையாகப் போக்கி வைத்திருக்கிறது. அந்த முதலை நாம் செலவழித்துவிடலாகாது.

ஆனால் கரையில் அமர்வதற்கும் பொறுமை வேண்டும். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையைப் படமெடுப்போர், அதன் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவேயுள்ள இடைவெளி தெரியுமாறு எடுத்து மகிழ்வர். அவ்விடைவெளி எதற்கு? நத்தையின் ஓட்டைப் பாக்குவெட்டி போல் நொறுக்குவதற்கு என்று முன்னர்ச் சிலர் எழுதினர். அருகே வயலில் அது இரை உண்பதைக் கூர்ந்து கண்டவர்களோ, கீழலகின் கூரிய நுனியால் நத்தையின் தசையை விடுவித்து, ஓட்டை உடைக்காமலே வெளியே இழுத்துவிடுவதைக் கண்டறிந்தனர். அலகின் படம் ஆயிரம் இருந்தும் விடை படத்தில் இல்லை. பார்த்தவர் கண்ணில் இருந்தது.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) 1930இல் பம்பாயை அடுத்த கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்ததும் இத்தகையதே. வேலையின்றி இருந்த காலத்தைக் குருவிகளை நோக்கிக் கழித்தார். ஒரு கூட்டையும் அதில் ஒரு சேவலையும் பேடையையும் கண்டவர் யாராயினும் அதை ஒருவனும் ஒருத்தியுமாக வாழும் இல்லறம் என்றே எழுதியிருப்பர். நாள்தோறும் நோக்கிய சாலிம் அலி கண்டதோ வேறு. சேவல் கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பேடைகள் வந்து உட்புகுந்து சோதிக்கின்றன. ஒரு பேடைக்குப் பிடித்துவிட்டால் சேவல் எஞ்சிய பகுதியையும் நுழைகுழாயையும் கட்டி முடிக்கிறது. பேடை முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் சேவல் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பேடையை அழைக்கிறது. (சங்கப் பாடலின் குருவிப் பேடை சினந்ததிலும் பொருள் இருக்கத்தான் செய்கிறது!) இந்த உண்மை ஒரு நாளில் எடுத்த ஒரு படத்தால் கிட்டியிருக்குமா?

சாலிம் அலி முகலாய மன்னர்களின் இயற்கை அறிவைப் பற்றியும் எழுதியவர். பேரரசர் ஜகாங்கீர் (ஆட்சி 1605–1627) தம் நினைவுக் குறிப்பில், லைலா என்றும் மஜ்னூன் என்றும் பெயரிட்டு வளர்த்த சாரசக் கொக்கு இணையொன்றைப் பற்றி எழுதியுள்ளார். இரவு முழுதும் பெண் முட்டைமேல் அமர்ந்திருக்க ஆண் அருகில் நின்று காவல் புரிந்ததையும், விடிந்தபின் ஆண் வந்து அமர்ந்ததையும் பேரரசரே கவனித்துக் குறித்திருக்கிறார். வளர்ப்புப் பறவைதான் எனினும், நாடாளும் பணிக்கிடையே அதற்கும் அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. அவரவையின் ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டிய பறவைகள் இன்றும் உயிரோடு நம்மை நோக்குகின்றன.

ஆதலின் இக்கட்டுரை வாயிலாக நாம் துறைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். வரும் ஆண்டு மலரில் மாணவர் எடுத்த பறவைப் படங்களுக்கென இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்பெறல் வேண்டும். கூடு, முட்டை, பறவாத குஞ்சு ஆகியவற்றின் படங்களும், செல்பேசியில் பதிந்த குரலை ஒலிக்கச் செய்து அழைத்து எடுத்த படங்களும் ஏற்கப்படலாகா. அக்குரலைப் பகைச்சேவலின் குரலென்று கருதி இரை தேடுதலையும் விட்டு ஓடிவரும் பறவையை ஏமாற்றி எடுத்தது அப்படம். ஒவ்வொரு படத்துடனும் நாள், பொழுது, இடம், எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தது, படம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் பறவை என்ன செய்தது என்பன ஐந்தாறு வரிகளில் எழுதப்பெறல் வேண்டும். பறவையின் பெயர் தமிழிலேயே வேண்டும். அரிய பறவையைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தவிட்டுக்குருவிக் கூட்டம் தரையில் சருகைப் புரட்டி இரை தேடும்போது அவற்றுள் ஒன்று மட்டும் உண்ணாமல் உயர்ந்த கிளையில் காவல் இருக்கும். ஆபத்தைக் கண்டால் அதுவே குரல் கொடுக்கும். அந்தக் காவற்குருவி எவ்வளவு நேரம் அமர்கிறது, அடுத்து எது சென்று அதன் இடத்தைப் பெறுகிறது என்பதை வகுப்பு இல்லாத ஒரு காலைப்பொழுதில் மரநிழலில் அமர்ந்து குறித்து வருபவரின் படத்துக்கே முதற்பக்கம் தரலாம்.